கேஸ் எங்கே போகிறது? கார் ஏசி கசிவைத் தேடிப் பிடிக்கும் வழி

"போன மாசந்தான் கேஸ் அடிச்சேன் அண்ணே, அதுக்குள்ள கூலிங் போச்சு." மார்ச் பிறந்துவிட்டால் மார்த்தாண்டத்திலும் களியக்காவிளையிலும் ஏசி வேலை பார்க்கும் பட்டறைகளில் இந்தப் பேச்சு காதில் விழாத நாள் இருக்காது. எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கமிருந்து வரும் டாக்ஸிக்காரர்கள் சொல்வதும் இதேதான். பெட்ரோல் தீர்வதுபோல ஏசி கேஸும் ஓட ஓடத் தீரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தீராது. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் ஹோஸின் சுவர் வழியாக ஆண்டுக்குச் சில கிராம் போவது எல்லா வண்டியிலும் உண்டு. அது கூலிங்கில் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். ஒரே மாதத்தில் கூலிங் போனால் எங்கோ வழி திறந்திருக்கிறது. அதைப் பார்க்காமல் மறுபடி கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

வண்டிக்காரர் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "கடைசியாக எப்போது கேஸ் அடித்தீர்கள், எத்தனை நாள் நின்றது?" என்பது. தேடும் முறையைத் தீர்மானிப்பது இந்தப் பதில்தான். ஒரே நாளில் போயிருந்தால் சோப்புத் தண்ணீரே காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று வாரம் நின்றிருந்தால் மின்னணு டிடெக்டர் வேண்டும். ஒரு கோடை தாங்கி அடுத்த கோடைக்கு இல்லை என்றால் யூவி விளக்கில் ஒளிரும் சாயமான டையும் பொறுமையும் வேண்டும். இதைக் கேட்காமல் கையில் கிடைத்த கருவியோடு இறங்கினால் பாதி நாள் வீணாகும்.

முதலில், கசிவுதானா என்று பாருங்கள்

கூலிங் இல்லை என்றாலே கேஸ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. கிரில்லுக்குப் பின்னே கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டன்சரின் முகத்தில் செம்மண்ணும் பூச்சியும் அப்பியிருந்தாலும், கண்டன்சர் ஃபேன் ஓடாவிட்டாலும், கேபின் ஃபில்டர் அடைத்திருந்தாலும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடியிருந்தாலும் இதே புகார்தான் வரும். இவற்றைப் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் போதும்.

பிறகு இரண்டு முள் கொண்ட அழுத்தமானியான மேனிஃபோல்டு கேஜை மாட்டுங்கள். என்ஜின் அணைந்து, வண்டி ஆறி, நிழலில் நின்றிருக்க வேண்டும். அந்த நிலையில் இரண்டு முள்ளும் ஒரே அளவுக்கு வந்து நிற்கும். ஆர்134ஏ என்ற வகை கேஸ் உள்ள வண்டியில் வெளி வெப்பம் 25 டிகிரி என்றால் சுமார் 82 பிஎஸ்ஐ, 30 டிகிரி என்றால் சுமார் 97, 35 டிகிரி என்றால் சுமார் 114 இருக்கும். இதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் உள்ளே திரவமே மிச்சமில்லை, பெரும்பகுதி போய்விட்டது என்று பொருள். புதிதாகப் படிப்பவர்கள் தவறுகிற இடம் இதற்கு அடுத்தது. அழுத்தம் சரியாக இருந்தால் கேஸ் நிறைந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். உள்ளே 100 கிராம் திரவம் கிடந்தாலும் 400 கிராம் கிடந்தாலும் நின்ற வண்டியில் முள் ஒரே இடத்தைத்தான் காட்டும். வீட்டு கேஸ் சிலிண்டரில் பாதி தீர்ந்த பிறகும் அழுத்தம் குறையாதது இதே காரணத்தால்தான்.

அளவு குறைந்திருப்பது வண்டியை ஓடவிட்டால் தெரியும். கேஸ் சரியாக இருந்தால் 30 - 35 டிகிரி வெயிலில் லோ சைடு (கம்ப்ரசருக்குத் திரும்பி வரும் பக்கம்) 25 முதல் 45 பிஎஸ்ஐ வரை, ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கம்) 150 முதல் 250 வரை நிற்கும். இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. கிளட்ச் உள்ள கம்ப்ரசர் 'டக்' என்று சேர்ந்து சில நொடியில் விடுவதும், மறுபடி சேர்வதும் அதே அறிகுறி. லோ சைடு தாழ்ந்து ஹை சைடு ஏறியிருந்தால் அது பெரும்பாலும் அடைப்பு. கசிவைத் தேடிப் பயனில்லை.

கைக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு

ஆர்134ஏ வெளிக்காற்றில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். திரவமாகத் தெறித்தால் பட்ட இடம் உறைந்து புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் எந்த மூடியையும் திறக்காதீர்கள். இந்த கேஸ் காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. பட்டறைக் குழிக்குள் தேங்கினால் மூச்சுவிடக் காற்று இருக்காது. நெருப்பில் பட்டால் நச்சு அமில ஆவியாக மாறும், ஆகவே பீடி, வெல்டிங் எல்லாம் தள்ளியே இருக்கட்டும். பழைய ஆர்12 காலத்தில் சுடர் நிறம் மாறுவதைப் பார்த்துக் கசிவு பிடிக்கும் விளக்கு ஒன்று இருந்தது. குளோரின் உள்ள கேஸுக்குத்தான் அது வேலை செய்யும். ஆர்134ஏவில் குளோரின் இல்லை, எனவே அந்த விளக்கை இதற்கு எடுக்கவே வேண்டாம்.

புதிய வண்டிகள் சிலவற்றில் ஆர்1234ஒய்எஃப் என்ற கேஸ் வருகிறது. அது இலேசாகத் தீப்பற்றும் வகை. அதற்கான மெஷினும் கப்ளரும் தனி. போனட்டின் அடியிலோ ரேடியேட்டர் மேல் தகட்டிலோ ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் கேஸின் பெயரும் எடையும் இருக்கும். அதைப் படிக்காமல் கேஜ் மாட்டக் கூடாது. ஹைப்ரிட், மின்சார வண்டிகளில் கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் ஓடுகிறது, ஆரஞ்சு நிறக் கேபிள் அதன் அடையாளம். தனிப் பயிற்சி இல்லாதவர் அதில் கை வைக்க வேண்டாம்.

உள்ளே மிச்சமிருக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரு கிலோ ஆர்134ஏ நூறாண்டுக் கணக்கில் சுமார் 1430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். ஒரு சின்னக் காரின் 400 கிராம் என்றால் 570 கிலோவுக்கு மேல். ரெகவரி மெஷினில் இழுத்து எடையும் போட்டால் எவ்வளவு மிச்சமிருந்தது என்ற கணக்கும் கிடைக்கும், கசிவின் வேகமும் தெரியும்.

எண்ணெய்த் திட்டைத் தேடுங்கள்

கருவியை எடுக்கும் முன் ஒரு நல்ல டார்ச்சும் ஒரு சிறு கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு கலந்தே சுற்றுகிறது. கேஸ் வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கொஞ்சம் வெளியேறும். கேஸ் பறந்துவிடும், எண்ணெய் தங்கும், அதில் தூசி ஒட்டும். நம் ஊர்ப் பக்கம் அந்தத் திட்டு கருப்பாக இருப்பதைவிடக் காவி நிறத்தில் பிசுபிசுவென்று இருப்பதே அதிகம், செம்மண் அப்படி. சுற்றியுள்ள அலுமினியம் வெளிறி உலர்ந்து கிடக்க, ஒரு ஜாயின்ட்டில் மட்டும் நகம் அளவுக்கு ஈரக் காவி ஒட்டியிருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். எண்ணெய் வழுக்கினால் சந்தேகப் பட்டியலில் முதலிடம் அதற்கு. என்ஜின் ஆயில் கசிந்து மேலிருந்து வழிந்ததாகவும் இருக்கலாம். துடைத்துவிட்டு, மேலே வழிந்த தடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

பார்க்கும் வரிசை: கம்ப்ரசர், அதிலிருந்து போகும் ஹோஸ், கண்டன்சர், பைப்புகள், என்ஜின் அறையையும் கேபினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வாலில் உள்ள ஜாயின்ட். கேஸ் ஓடும் திசையிலேயே போனால் எதுவும் விடுபடாது.

கம்ப்ரசரில் முக்கியமான இடம் முன்பக்க ஷாஃப்ட் சீல். அங்கே கசிந்தால் சுழலும் கிளட்ச் எண்ணெயைச் சுற்றிலும் வீசும். கிளட்ச்சுக்கு நேர் எதிரே போனட்டின் அடிப்பக்கத்திலோ பக்கத்துத் தகட்டிலோ ஒரு கோடாக எண்ணெய் தெறித்திருக்கும். மாதக்கணக்கில் ஏசி போடாத வண்டியில் சீல் உலர்ந்து கசியத் தொடங்கும். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் மூடிப்போட்டுச் செல்லும் கார்களில் இது அடிக்கடி காணக் கிடைப்பது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசி ஓட்டினால் சீலுக்கு எண்ணெய் கிடைக்கும். கம்ப்ரசரின் பின்பக்கமோ பக்கவாட்டிலோ பாதுகாப்பு வால்வு ஒன்றும் உண்டு. ஃபேன் ஓடாமல் அழுத்தம் சுமார் 500 பிஎஸ்ஐ தாண்டினால் அது திறந்து கேஸை விட்டுவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். அந்த வால்வின் வாயில் மட்டும் எண்ணெய் தெறித்திருந்து, வேறு எங்கும் கசிவு கிடைக்காவிட்டால் ஃபேனைச் சரிபாருங்கள். கசிவே இல்லாத சிஸ்டத்தில் கேஸ் போவது இப்படித்தான்.

கண்டன்சர்தான் நம் பகுதியில் அதிகம் பழுதாவது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், பூவாறு என்று கடற்கரை ஓரம் ஓடும் வண்டிக்கு உப்புக் காற்று ஓயாமல் படுகிறது. மீன் ஏற்றிய லாரியின் பின்னால் போகும்போது தெறிக்கும் உப்புத் தண்ணீரும் நேரே கண்டன்சரில்தான் விழுகிறது. கீழ் மூலைகளில் சேறு படிந்து ஈரம் காயாமல் நிற்பதால் அரிப்பு அங்கேதான் தொடங்குகிறது. விரலால் தொட்டால் ஃபின் மாவாக உதிர்ந்தால் அதன் பின்னே உள்ள டியூபும் மெலிந்திருக்கும். கிரில் வழியாக எட்டிப் பார்த்து முடித்துவிடாதீர்கள். பம்பரைக் கழற்றி, ரேடியேட்டருக்கும் கண்டன்சருக்கும் நடுவிலும் விளக்கடியுங்கள். தாங்கும் ரப்பர் போன வண்டியில் கண்டன்சர் ஆடி ஆடிப் பின்பக்கம் உரசித் துளை விழுவதுண்டு, முன்னாலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

பைப்புகளில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களைப் பாருங்கள். கிளிப் ரப்பர் போய் அலுமினியத்தில் இரும்பு உரசினால் ஒரு பளபளக் கோடு விழும், அதன் நடுவில் ஊசித்துளை இருக்கும். ஹோஸில் ரப்பரும் அலுமினியமும் சேரும் மடக்கு வளையத்தின் ஓரத்தை வளைத்துப் பாருங்கள். என்ஜின் அதிர்வில் முதலில் தளர்வது அது.

சர்வீஸ் போர்ட்: ஒரு சொட்டுத் தண்ணீர்ச் சோதனை

கேஜ் மாட்டும் இரண்டு போர்ட்டுக்குள்ளும் டயர் வால்வு போன்ற ஊசி வால்வு இருக்கிறது. கேஸ் அடித்துக் கப்ளரைக் கழற்றியதும் அந்த ஊசி முழுதாக மேலே வராமல் ஒரு மணல் துகள் தடுத்தாலே போதும், இரண்டு மாதத்தில் கேஸ் காலி. புதிதாக கேஸ் அடித்த வண்டி சீக்கிரம் காலியானால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூடியைத் திறந்து, போர்ட்டின் குழிவில் சோப்புத் தண்ணீரை ஒரு சொட்டு விடுங்கள். குழிவு நிறைந்து கண்ணாடிபோல நிற்கும். கண்ணை எடுக்காமல் இரண்டு நிமிடம் பாருங்கள். பெரிய கசிவு என்றால் உடனே நுரை பொங்கும். சின்னதென்றால் நடுவிலிருந்து குண்டூசித் தலை அளவில் ஒரு குமிழ் மெதுவாக உப்பி, சற்று நின்று, உடையும். மறுபடி அதே இடத்தில் இன்னொன்று வரும். அந்த இரண்டாவது குமிழ்தான் சாட்சி. முதல் குமிழ் குழிவில் ஏற்கனவே சிக்கிய காற்றாக இருக்கலாம். முடிந்ததும் தண்ணீரை உறிஞ்சி எடுத்து, காற்று ஊதி உலர்த்துங்கள்.

மூடியையும் கவனியுங்கள். உள்ளே ஒரு சிறு ரப்பர் வளையம் இருக்க வேண்டும். அது அலங்காரம் இல்லை, ஊசி வால்வு சற்றே கசிந்தாலும் கேஸைப் பிடித்து நிறுத்துவது அந்த மூடிதான். மூடியில்லாமல் வரும் வண்டிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. சில ரூபாய்ப் பொருள் இல்லாமல் நானூறு கிராம் கேஸ் போகிறது.

சோப்பு, டிடெக்டர், டை

மற்ற ஜாயின்ட்டுகளுக்கும் சோப்புத் தண்ணீர் உதவும், கசிவு பெரிதாக இருந்தால் மட்டும். பிரஷால் தடவி, ஜாயின்ட்டைச் சுற்றிலும் கண்ணாடி வைத்துப் பின்பக்கமும் பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரால் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு அலுமினியத்தில் தங்குவது நல்லதல்ல.

மின்னணு டிடெக்டர் வாங்குவதானால் சூடாக்கிய டையோடு அல்லது இன்ஃப்ராரெட் வகையாகப் பாருங்கள். ஆண்டுக்கு 4 கிராம் அளவு கசிவையும் உணரும் என்று எழுதியிருப்பது தரமானது. சோதிக்கும்போது என்ஜின் அணைந்திருக்க வேண்டும், சிஸ்டத்தில் குறைந்தது 50 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். காலியான வண்டியில் டிடெக்டர் கத்தாமல் இருந்தால் அது கசிவில்லை என்பதற்குச் சான்றல்ல. முனையை ஜாயின்ட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்குள் வைத்து, நொடிக்கு ஓரிரு அங்குலத்துக்கு மேல் போகாமல் நகர்த்துங்கள். எல்லோரும் செய்யும் தவறு அவசரம்தான். கேஸ் கனமானது என்பதால் ஜாயின்ட்டின் அடிப்பக்கம் கட்டாயம் போக வேண்டும். கத்தினால் முனையை எடுத்துச் சுத்தமான காற்றில் வைத்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பக் கொண்டுபோங்கள். மூன்று முறையும் அங்கேயே கத்தினால்தான் நம்ப வேண்டும். பெட்ரோல் ஆவி, பிரேக் கிளீனர், காருக்குள் தொங்கும் வாசனைப் புட்டி எல்லாம் அதை ஏமாற்றும். இந்த வேலைக்குக் காலை நேரமே நல்லது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பிவிட்டால் திறந்த பட்டறையில் கசிந்த கேஸ் கருவிக்கு எட்டுமுன் கலைந்துவிடும். அதற்குமேல் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஷட்டரை இறக்கி, ஃபேனை நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

மெதுவான கசிவுக்கு டை. ஒரு காருக்கு 7 மில்லி அளவு போதும். கூடுதலாக ஊற்றினால் கம்ப்ரசர் எண்ணெய் நீர்த்துப்போகும். முந்தைய பட்டறையில் ஏற்கனவே போட்டிருக்கலாம் என்பதால் முதலில் யூவி விளக்கை அடித்துப் பாருங்கள். டை போட்டபின் வண்டியைக் கொடுத்தனுப்பி, ஒரு வாரம் ஏசி போட்டு ஓட்டச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் மஞ்சள் கண்ணாடி அணிந்து, இருட்டில், யூவி விளக்கைப் பிடித்தால் கசிந்த இடம் இளம்பச்சையாகப் பளிச்சென்று ஒளிரும். கேஜ் கழற்றும்போது போர்ட்டில் சிந்திய டையை அன்றே துடைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த வாரம் அதையே கசிவு என்று எண்ணிப் போர்ட்டை மாற்றுவீர்கள். மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இடவப்பாதி மழையில் ஒரு வாரம் ஓடிய வண்டியின் கண்டன்சரில் டை தங்காமல் கழுவிப்போயிருக்கும். அந்த மாதங்களில் முன்பக்கத்துக்கு டையை நம்பாமல் நைட்ரஜனுக்குப் போய்விடுவது மேல்.

நைட்ரஜன் அழுத்தச் சோதனை

சிஸ்டம் முழுக்கக் காலியாக வந்தால் சோதிப்பதற்காக நல்ல கேஸை அடிக்காதீர்கள். உலர்ந்த நைட்ரஜன் சிலிண்டரும் ரெகுலேட்டரும் போதும். சிலிண்டருக்குள் அழுத்தம் மிக அதிகம். ரெகுலேட்டர் இல்லாமல் நேரே மாட்டினால் ஹோஸ் வெடிக்கும், ஆள் போகும். டயர்க் கடையில் கிடைக்கும் நைட்ரஜன் இதற்கு உதவாது. அதன் தூய்மையும் போதாது, அழுத்தமும் போதாது. கம்ப்ரசர் காற்றை ஏற்றவே கூடாது. நம் காற்றில் உள்ள ஈரம் முழுவதும் உள்ளே போகும், ஆர்134ஏ மிச்சமிருந்தால் காற்றோடு அழுத்தத்தில் கலந்து தீப்பற்றவும் வாய்ப்புண்டு. ஆக்சிஜன் சிலிண்டரை மறந்தும் தொடாதீர்கள். எண்ணெயும் அழுத்தமான ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும்.

150 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றுங்கள். 45 டிகிரி சூட்டில் ஆர்134ஏ தானாகவே இந்த அழுத்தத்துக்கு வந்துவிடும் என்பதால் லோ சைடுக்கும், கேபின் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயிலுக்கும் இது தாங்கும் அளவே. அதைத் தாண்டத் தேவையில்லை. பெரிய ஓட்டை என்றால் சீறல் காதிலேயே கேட்கும். கேட்காவிட்டால் சோப்புத் தண்ணீரோடு ஒரு சுற்று. அதிலும் தெரியாவிட்டால் முள் நிற்கும் இடத்தைக் குறித்து, அப்போதைய வெப்பத்தையும் எழுதி, இரவு முழுக்க விடுங்கள். மாலை 34 டிகிரியில் 150 இருந்தது, விடிகாலை 26 டிகிரியில் 146 இருக்கிறது என்றால் அது கசிவல்ல. குளிர்ந்த வாயு சுருங்கியதால் வந்த 4 பிஎஸ்ஐ. 140க்குக் கீழே போயிருந்தால் கசிவு. ஆனால் அதற்கு முன், உங்கள் கேஜ் ஹோஸே கசியவில்லை என்று தனியாக மூடிச் சோதித்திருக்க வேண்டும். பழைய கேஜின் வாஷரால் நல்ல கண்டன்சரைக் கழற்றியவர்கள் உண்டு.

வேக்யூம் போட்டு, அதாவது பம்பால் உள்ளே உள்ளதை உறிஞ்சி எடுத்து, அரை மணி நேரம் முள் நின்றால் கசிவில்லை என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப வேண்டாம். வேக்யூமில் வெளிக்காற்று உள்ளே தள்ளும் அழுத்தம் 15 பிஎஸ்ஐக்கும் குறைவு. வண்டி ஓடும்போது ஹை சைடில் உள்ளிருந்து வெளியே தள்ளுவது 200க்கும் மேல். வெளியே கசியும் ஓ-ரிங் (ஜாயின்ட்டில் உள்ள ரப்பர் வளையம்) வேக்யூமில் உள்பக்கம் இழுபட்டு நன்றாக ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

கண்ணுக்கு எட்டாத கூலிங் காயில்

வெளியே எங்கும் கிடைக்கவில்லை என்றால் மிச்சம் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில். ரப்பர்த் தோட்டங்களை ஒட்டி நிற்கும் வண்டிகளில் இது சீக்கிரமே அரிக்கும். தை, மாசியில் ரப்பர் இலை கொட்டும்போது வைப்பருக்குக் கீழே உள்ள ஜாலியில் சருகு நிறைகிறது. கேபின் ஃபில்டர் இல்லாத வண்டியிலும், ஃபில்டரை எடுத்துவிட்டு ஓட்டும் வண்டியிலும் அந்தத் தூள் நேராகக் கூலிங் காயிலில் படிந்து, ஏசித் தண்ணீரில் ஊறி, சேறாகி அலுமினியத்தைத் தின்கிறது. வடிகால் குழாயும் அடைத்துக்கொண்டால் காயிலின் அடிப்பகுதி தண்ணீரிலேயே நிற்கும்.

டேஷ்போர்டைக் கழற்றுவது ஒரு நாள் வேலை. சந்தேகத்தின் பேரில் கழற்றச் சொல்லக் கூடாது. முதலில் ப்ளோவரைக் கால் நிமிடம் முழு வேகத்தில் ஓட்டி நிறுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். கேஸ் கசிந்தால் அந்த நேரத்தில் பெட்டியின் அடியில் தேங்கும். பிறகு வண்டிக்கடியில் தண்ணீர் சொட்டும் வடிகால் குழாயின் வாயில் டிடெக்டர் முனையைக் கொண்டுபோங்கள். தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் முனைக்குள் புகுந்து கருவி கெடும், ஆகவே காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். ப்ளோவர் ரெசிஸ்டரைக் கழற்றினால் கிடைக்கும் துளை வழியாகவும் பார்க்கலாம். டை போட்ட வண்டி என்றால் வடிகால் வாயில் யூவி விளக்கைப் பிடியுங்கள், இளம்பச்சை தெரிந்தால் உறுதி. காருக்குள் இனிப்பான வாடை வருகிறது என்று சொன்னால் அது கூலன்ட் வாடையாகவும் இருக்கலாம். உள்ளே ஹீட்டர் காயில் கசிந்தாலும் அப்படித்தான் மணக்கும், ஆனால் அப்போது கண்ணாடியில் பிசுக்குப் படலம் படியும், ரேடியேட்டரில் தண்ணீரும் குறையும்.

ஃபயர்வாலில் பைப்புகள் உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும், கேஸை நுண்துளை வழியாக விரியவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஓ-ரிங்குகளைப் பார்த்தபிறகே காயில் மீது பழி போடுங்கள். அங்கே கசியும் கேஸும் இடுக்கு வழியாக உள்ளே வரும்.

கண்டுபிடித்த பிறகு

ஓ-ரிங் கசிந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றாமல், திறந்த ஜாயின்ட்டுகள் எல்லாவற்றிலும் புதிது போடுங்கள். கேஸுக்குப் பொருந்தும் ரப்பரில், அதே தடிமனில் இருக்க வேண்டும். பம்ப் செட் கடை ஓ-ரிங் ஒரு மாதத்தில் உப்பிவிடும். போடுமுன் பழையதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தட்டையாக அமுங்கியிருந்தால் வயது. ஒரு பக்கம் மட்டும் சீவியதுபோல் வெட்டியிருந்தால் முன்பு மாட்டியவர் உலர்ந்தபடி திணித்திருக்கிறார், அல்லது பைப்பின் வாயில் பிசிறு இருக்கிறது. அந்தப் பிசிறை எடுக்காமல் புதிய ஓ-ரிங் போட்டால் அதுவும் அப்படியே வெட்டுப்படும். கம்ப்ரசர் எண்ணெய் தடவி, கையால் நேராக உட்காரவைத்து, பிறகு போல்ட்டை இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத் திருகு அதற்குமேல் தாங்காது.

இப்போதைய கண்டன்சரில் துளை விழுந்தால் ஒட்டவைப்பது நிலைக்காது. டியூப் சுவர் அவ்வளவு மெல்லியது. மாற்றுங்கள். உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் பெரும்பாலும் அதனுடனேயே வரும். தனி டிரையர் உள்ள வண்டி காலியாகி, மழைக்காலத்தில் சில வாரம் திறந்து கிடந்திருந்தால் டிரையரையும் மாற்ற வேண்டும், அதன் மணிகள் ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும். மாற்றிய பாகத்தில் நின்றுபோன அளவு எண்ணெயைச் சேர்க்க வேண்டும். கண்டன்சருக்கு 20 முதல் 40 மில்லி வரை ஆவது வழக்கம், சரியான அளவு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். ஆர்134ஏ வண்டிகளுக்கான பிஏஜி எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், திறந்து வைத்த டப்பா நம் ஊர் மழையில் சில நாளில் கெட்டுவிடும். சிறு டப்பாவாக வாங்குங்கள்.

பிறகு வேக்யூம். 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக வேண்டுமானால் வேக்யூம் முள் பாதரசக் கணக்கில் 29 அங்குலத்தை ஒட்டி இறங்க வேண்டும். சாதாரண நாளில் 30 முதல் 45 நிமிடம், மழை நாளில் ஒரு மணி நேரம் ஓடட்டும். கேஸை எடை பார்த்து அடியுங்கள். சின்ன ஹேட்ச்பேக்குகளில் 350 முதல் 450 கிராம் வரை இருக்கும், பின்சீட்டுக்கும் ஏசி உள்ள பெரிய வண்டிகளில் அதன் இரு மடங்கு ஆகலாம். ஸ்டிக்கரில் உள்ள எண்ணே முடிவு. கூலிங் வருகிறதா என்று கை வைத்துப் பார்த்துக்கொண்டே அடிப்பதும், கேஜை மட்டும் பார்த்து அடிப்பதும் 100 கிராம் வரை தவற வைக்கும். கூடினாலும் கூலிங் குறையும், கம்ப்ரசர் திணறும்.

கசிவை அடைக்கும் என்று டப்பாவில் விற்கும் திரவத்தை ஊற்றாதீர்கள். ஈரம் பட்டால் இறுகும் தன்மைதான் அதன் வேலையே. உள்ளே ஈரம் இருந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசிமுனைத் துளையிலும் அது இறுகும், ரெகவரி மெஷினையும் கெடுக்கும். மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத சிலிண்டரும் வேண்டாம். எரியும் வாயு கலந்த கேஸ் கூலிங் காயில் வழியாகக் கசிந்தால் அது சேரும் இடம் குடும்பம் உட்கார்ந்திருக்கும் கேபின்.

வண்டியைக் கொடுக்கும்போது தேதி, அடித்த எடை, டை போட்டதா இல்லையா, எந்த ஜாயின்ட் மாற்றியது என்பதை ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதிப் போனட்டின் அடியில் ஒட்டுங்கள். அடுத்து அந்த வண்டி களியக்காவிளையில் திறக்கப்பட்டாலும் திருவனந்தபுரத்தில் திறக்கப்பட்டாலும் பார்ப்பவர் தேடலை அங்கிருந்தே தொடங்கலாம். பத்து நாள் கழித்து ஒருமுறை வரச் சொல்லி, மாற்றிய ஜாயின்ட்டில் யூவி விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.